வெளிநாட்டில் கற்பிக்க, ஆய்வு செய்ய உதவித்தொகை: வன்னி விரிவுரையாளர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

"சேர், போர்ம் திறந்திட்டுது. எங்கயிருந்து தொடங்குறது?" வவுனியாப் பல்கலைக்கழகம் இருக்கும் பம்பைமடுவிலும் சரி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்கள் இருக்கும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் சரி, இளம் விரிவுரையாளர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். விண்ணப்பப் போர்ம் திறந்த அன்று தொடங்கினால் ஏற்கெனவே பிந்திவிட்டது. இணையப் படிவத்தை நிரப்ப இரண்டு மாலைப்பொழுது போதும். அதற்குள் போட வேண்டிய கடிதங்களும் ஆய்வுத் திட்டமும் பின்னால் நிற்கும் அனுமதிகளும் ஒன்றுசேர ஏழெட்டு மாதமாவது எடுக்கும். ஆகவே படிவத்தை இங்கே எட்டாவது படியில்தான் தொடுகிறேன்.

கலாநிதிப் பட்டம் முடித்து, நிரந்தரப் பதவியில் இருந்துகொண்டு, சில மாதங்கள் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் கற்பிக்கவோ ஆய்வு செய்யவோ போக நினைப்பவர்களுக்கானது இது. கலாநிதிப் படிப்புக்கான புலமைப்பரிசில் வேறு கதை. அதற்கு இதில் பாதி பொருந்தாது. உதாரணத்துக்குப் பெரும்பாலும் அமெரிக்க அரசின் ஃபுல்பிரைட் உதவித்தொகையை எடுத்திருக்கிறேன். அதிகம் ஆவணம் கேட்பது அதுதான். அதற்குத் தயாரித்த கோவையை வைத்து மற்றவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம்.

1. லீவு இருக்கிறதா என்று பாருங்கள்

பல்கலைக்கழகத்தில் நியமனமும் லீவும் பார்க்கும் தாபனக் கிளைக்குப் போய் மூன்று விடயங்களைக் கேளுங்கள். நீங்கள் நியமனம் பெற்ற திகதியிலிருந்து கணக்கிடப்படும் சேவைக்காலம் எவ்வளவு? கலாநிதிப் படிப்புக்காக எடுத்த லீவுக்கு எழுதிக்கொடுத்த பொண்ட் (திரும்பி வந்து இத்தனை காலம் வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) இன்னும் எத்தனை நாள் ஓடுகிறது? சபற்றிக்கல் லீவுக்கு (நீண்ட சேவைக்குப் பின் கிடைக்கும் ஆய்வு விடுமுறைக்கு) எப்போது தகுதி வருகிறது? பதிலை வாயால் வாங்காதீர்கள். ஒரு கடிதம் கொடுத்து, எழுத்தில் வாங்குங்கள். கிளையில் ஆள் மாறினால் வாய்ச்சொல்லும் மாறும்.

எங்கள் பல்கலைக்கழகங்களில் ஏழு வருடச் சேவைக்கு ஒரு வருட சபற்றிக்கல் என்பதே பொது ஏற்பாடு. அந்த ஏழு வருடம் நிரம்பாதவர்களும் குறுகிய கால லீவு எடுத்துப் போகலாம். ஆனால் அது துறையின் விருப்பத்திலும் பேரவையின் முடிவிலும் தங்கியிருக்கிறது.

இதை முதற்படியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. வெளிநாட்டுப் பேராசிரியருக்குக் கொடுக்கும் திகதி, அவர் தரும் அழைப்புக் கடிதத்தில் வரும் திகதி, ஆய்வுத் திட்டத்தின் மாதக் கணக்கு எல்லாம் லீவில்தான் தொங்குகின்றன. தெரிவான பிறகு "பொண்ட் முடிய இன்னும் பத்து மாதம் இருக்கு" என்று தெரியவந்து, கிடைத்ததைக் கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன்.

அடுத்தது துறைத்தலைவர். எங்கள் துறைகள் சிறியவை. ஐந்தாறு பேர் இருக்கும் இடத்தில் ஒருவர் போனால் மற்றவர்களின் தலையில்தான் பாடம் விழும். "எனக்கு லீவு வேணும்" என்று போய் நிற்காமல், எந்தப் பாடத்தை யார் எடுப்பார், எதை முந்திய அரையாண்டுக்கு நகர்த்தலாம், எதற்கு வருகைதரு விரிவுரையாளர் தேவை என்று ஒரு பக்கத்தில் எழுதிக்கொண்டு போங்கள். அந்த ஒற்றைத் தாளே பின்னர் பீடச் சபைக்கும் லீவ் அன்ட் அவார்ட்ஸ் கமிட்டிக்கும் பேரவைக்கும் போகும் கோவையின் முதற்பக்கமாகிவிடும்.

2. யார் விண்ணப்பிக்க வேண்டும் என்று பாருங்கள்

திட்டங்களைத் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது தொகையை, அடுத்தது நாட்டை. விண்ணப்பிப்பவர் யார் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நாலு திட்டங்களுக்கு நாலு விதம்.

ஃபுல்பிரைட் விசிட்டிங் ஸ்கொலர் திட்டத்துக்கு நீங்களே, கொழும்பிலுள்ள ஐக்கிய அமெரிக்க-இலங்கை ஃபுல்பிரைட் ஆணைக்குழு ஊடாக விண்ணப்பிக்கிறீர்கள். ஜேர்மனியின் ஹம்போல்ட் ஆய்வு உதவித்தொகைக்கும் நீங்கள்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் அங்குள்ள பேராசிரியரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லாமல் தொடவும் முடியாது. கலாநிதிப் பட்டம் பெற்று நான்கு வருடத்துக்குள் இருப்பவர்களுக்கு ஒரு பிரிவு, பன்னிரண்டு வருடம் வரை மற்றொரு பிரிவு. பட்டத் திகதியை இப்போதே பாருங்கள். அந்த எல்லை நமக்காக நிற்காது.

ஜப்பானின் விஞ்ஞான மேம்பாட்டுச் சங்கமான ஜே.எஸ்.பி.எஸ். தரும் அழைப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பவர் ஜப்பானில் இருக்கும் ஆய்வாளர். நீங்கள் இங்கே இருந்துகொண்டு படிவம் தேடினால் கிடைக்காது. குறுகிய காலம் 14 முதல் 60 நாள், நீண்ட காலம் 2 முதல் 10 மாதம். அங்கே உங்களுக்காக ஒருவர் உட்கார்ந்து ஜப்பானிய நிர்வாகத்தோடு மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே ஏற்கெனவே சேர்ந்து கட்டுரை எழுதிய அல்லது உங்கள் கலாநிதி மேற்பார்வையாளராக இருந்த ஒருவரிடம்தான் இதைக் கேட்கலாம்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் கற்பித்தல் பயணத்துக்கு உங்கள் பல்கலைக்கழகமே பெயர் கொடுக்கிறது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் இடையில் ஒப்பந்தம் இருக்க வேண்டும். 5 நாள் முதல் 2 மாதம் வரை. வாரம் ஒன்றுக்குக் குறைந்தது 8 மணித்தியாலம் கற்பிக்க வேண்டும். அறிவித்தல் உள் மின்னஞ்சலில் வந்து பத்து நாளில் முடிந்துவிடும். சர்வதேசத் தொடர்புகளைப் பார்ப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

ஒன்று முதல் மூன்று மாதம் மட்டும் போக முடிந்தவர்களுக்கு ஜேர்மனியின் கல்விப் பரிமாற்றச் சேவையான டி.ஏ.ஏ.டி. வழங்கும் பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கான ஆய்வுத் தங்கல் நல்லது. சிறிய பிள்ளைகள் உள்ளவர்களும், துறையில் ஆள் குறைவானவர்களும் இதிலிருந்து தொடங்கலாம் என்பது என் எண்ணம். நீண்ட காலம் போனால்தான் மதிப்பு என்று எங்கும் எழுதியில்லை.

ஃபுல்பிரைட்டில் விழுகிறவர்கள் விழும் இடங்கள் இரண்டு. மாநாட்டுக்குப் போவதற்கோ, கலாநிதி ஆய்வேட்டை முடிப்பதற்கோ, பல பல்கலைக்கழகங்களைச் சுற்றிப் பார்ப்பதற்கோ, நோயாளரைத் தொட்டுச் செய்யும் மருத்துவப் பயிற்சிக்கோ அது இல்லை. விண்ணப்பத்தில் இந்த நான்கில் ஒன்றின் வாடை அடித்தாலும் போதும், ஒதுக்கிவிடுவார்கள்.

மற்றது, ஃபுல்பிரைட்டில் போகிறவர்களுக்குக் கொடுக்கும் ஜே-1 என்ற பரிமாற்ற விசா. அமெரிக்க அரச பணத்தில் போனவர், முடித்தபின் இரண்டு வருடம் சொந்த நாட்டில் வாழ்ந்த பிறகே எச், எல் வகை வேலை விசாவுக்கோ நிரந்தர வதிவிடத்துக்கோ போகலாம். கூடப்போகும் மனைவி, கணவன், பிள்ளைகளையும் அது கட்டும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பாதிக் குடும்பம் இருக்கும் எங்கள் ஊரில் இந்த விதியைப் பற்றி வீட்டில் இருந்து கதைக்காமல் விண்ணப்பிக்கக் கூடாது. அமெரிக்காவுக்கு வெளியே போவதை அது தடுக்காது; ஆனால் வேறு நாட்டில் கழித்த காலம் அந்த இரண்டு வருடத்தில் சேராது.

இன்னொன்று: ஜே-1 இல் ஆய்வாளர், பேராசிரியர் என்ற வகையில் ஒரு கிழமை போய் வந்தாலும், அதே வகையில் மறுபடி போக 24 மாதம் பொறுக்க வேண்டும். சின்னப் பயணத்துக்கு அழைப்பவர்களிடம் குறுகிய கால ஸ்கொலர் வகையில் எடுக்கச் சொல்லுங்கள். அந்த வகைக்கு இந்தத் தடை இல்லை.

3. பெயரையும் கடதாசிகளையும் நேராக்குங்கள்

வன்னியில் இது பெரிய வேலை. 2009 இல் சான்றிதழ்ப் பையும் பறிபோன குடும்பங்கள் எத்தனை! பிறப்புச் சான்றிதழின் பிரதியைப் பிரதேச செயலகத்திலும், சாதாரணதர, உயர்தரப் பெறுபேறுகளைப் பரீட்சைத் திணைக்களத்திலும் எடுக்கலாம். பட்டச் சான்றிதழும் பாடவாரியான பெறுபேற்றுப் பத்திரமும் பட்டம் பெற்ற பல்கலைக்கழகத்தில். தமிழில் இருப்பதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலப் பிரதி தேவைப்படும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு காத்திருப்பு. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

பெயர்ச் சிக்கல் இதைவிடக் கெடுபிடி. பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று. பட்டச் சான்றிதழில் தகப்பன் பெயர் முன்னால் விரிந்து நிற்கும், ஆய்வுக் கட்டுரையில் ஒற்றை முதலெழுத்தாகச் சுருங்கியிருக்கும். நமக்குப் பழகிவிட்டது. விசா அதிகாரிக்கு அது நாலு ஆட்கள்.

கடவுச்சீட்டில் இருப்பதையே அடிப்படையாக வைத்து, விண்ணப்பம், அழைப்புக் கடிதம், சிபாரிசுக் கடிதம் எல்லாவற்றிலும் ஒரு எழுத்தும் பிசகாமல் அதையே போடுங்கள். கடவுச்சீட்டில் ஒரே ஒரு பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாது என்பதைக் குறிக்கும் 'எஃப்.என்.யு.' அச்சாகி வரும். பிறகு வங்கிக் கணக்கிலிருந்து நூலக அட்டை வரை அந்த மூன்றெழுத்து உங்கள் பெயராகத் திரியும். புதுக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே இரண்டு பகுதியையும் நிரப்புங்கள். வவுனியாவில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிராந்திய அலுவலகம் இருப்பதால் இதற்காகக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை.

கட்டுரைகள் பல பெயர்களில் சிதறியிருந்தால் ஆய்வாளரை அடையாளம் காட்டும் ஓர்கிட் (ORCID) இலக்கம் ஒன்றை எடுத்து, எல்லாவற்றையும் அதன்கீழ் சேர்த்துவிடுங்கள். இலவசம், அரை மணித்தியால வேலை.

4. கேள்வியை இங்கிருந்து எடுங்கள். போகும் காரணத்தை அங்கே காட்டுங்கள்

வெளிநாட்டுக்குப் போவதென்றால் வெளிநாட்டுத் தலைப்பு வேண்டும் என்று நினைப்பவர்கள் பலர். அங்கே ஏற்கெனவே ஐம்பது பேர் செய்யும் வேலையைத் தூக்கிக்கொண்டு போனால், ஐம்பத்தோராவது ஆளாக ஏன் உங்களை எடுக்க வேண்டும்?

சுற்றிப் பாருங்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் இருக்கிறது. மலேரியா இல்லாத நாடு என்று 2016 இல் இலங்கைக்குச் சான்றிதழ் கிடைத்த அதே ஆண்டின் கடைசியில் மன்னாரில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சை நுளம்பு பிடிபட்டது. குளத்துத் தொடர்கள், யானை வேலி, கண்ணிவெடி அகற்றிய நிலத்தில் மீளும் காடு, மீள்குடியேறிய பாடசாலைகளில் கணிதம் கற்பித்தல் என்று நீளும் பட்டியல். இவற்றுக்குக் களமும் தரவும் நம்மிடம் இருக்கின்றன. கருவியும் மென்பொருளும் ஒப்பிட்டுப் பார்க்கும் அனுபவமும் வேறிடத்தில் இருக்கின்றன. அந்த இடைவெளிதான் நீங்கள் போவதற்கான காரணம்.

இரண்டு தொடக்கப் பந்திகளைக் காட்டுகிறேன். இரண்டும் நானே இட்டுக்கட்டியவை; விண்ணப்பம் ஆங்கிலத்தில்தான் போகும், விளங்குவதற்காகத் தமிழில்.

முதலாவது: "இலங்கை ஒரு விவசாய நாடு. முப்பது வருடப் போரினால் வன்னி பெரிதும் பாதிக்கப்பட்டது. காலநிலை மாற்றம் இன்று உலகம் எதிர்நோக்கும் பாரிய சவாலாகும். எனவே நீர்வள முகாமைத்துவம் பற்றிய ஆய்வு அவசியமாகின்றது."

இரண்டாவது: "கனகராயன் ஆற்றுப் படுகையிலுள்ள சிறுகுளங்களுக்குக் கீழேயிருக்கும் கிணறுகள் ஆவணி மாதத்திலும் வற்றுவதில்லை, குளம் கசிவதால்தான் என்று விவசாயிகள் சொல்கிறார்கள். மூன்று வருடமாக நாற்பது கிணறுகளில் நீர்மட்டத்தை அளந்து வைத்திருக்கிறேன். கசிவு எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று கணிக்க நிலத்தடி நீரோட்ட மாதிரி தேவை. அந்த வேலையில் பழகிய குழு உங்கள் திணைக்களத்தில் இருக்கிறது, எங்களிடம் இல்லை."

முதலாவதில் வன்னியை எடுத்துவிட்டு அனுராதபுரத்தைப் போட்டாலும் ஒரு சொல் மாற்றத் தேவையில்லை. இரண்டாவதை வேறு யாராலும் எழுத முடியாது. படிக்கிறவருக்கு மூன்று விடயம் உடனே பிடிபடுகிறது: கேள்வி என்ன, கையில் என்ன இருக்கிறது, என்ன இல்லாததால் போகிறார்.

போரைப் பற்றி ஒரு சொல். உங்கள் ஆய்வுக்கு அது காரணமாக இருந்தால் எழுதுங்கள்: பராமரிப்பில்லாமல் தூர்ந்த குளம், தொடர்ச்சி அறுந்த மழைவீழ்ச்சிப் பதிவு, இடம்பெயர்ந்த ஊர். இரக்கம் சம்பாதிக்க எழுதாதீர்கள். தெரிவுக்குழு இரக்கப்படும், பணம் கொடுக்காது.

5. உங்களை அழைக்கப்போகும் ஹோஸ்ட் பேராசிரியருக்கு எழுதுதல்

அழைப்புக் கடிதம் கட்டாயமில்லை என்று சில அறிவித்தல்களில் இருக்கும். எனது அபிப்பிராயம்: கடிதமில்லாமல் போடாதீர்கள். எங்கள் பெரிய நகரத்துப் பல்கலைக்கழகங்களின் பெயரே தெரியாத தெரிவாளருக்கு, பம்பைமடு என்ற ஊர்ப்பெயர் ஒன்றும் சொல்லாது. அவருக்குத் தெரிந்த ஒரு திணைக்களம் "இவர் வரட்டும்" என்று எழுதியிருந்தால் சந்தேகத்தில் பாதி போய்விடும்.

யாருக்கு எழுதுவது? நீங்கள் கடந்த இரண்டு வருடத்தில் மேற்கோள் காட்டிய கட்டுரைகளின் ஆசிரியர்களுக்கு. நட்சத்திரப் பேராசிரியர்களை விட நடுத்தர வயதில் வேகமாக வேலைசெய்யும் இணைப் பேராசிரியர்கள்தான் பதில் போடுகிறார்கள். மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரியிலிருந்து போகட்டும், ஜிமெயிலிலிருந்து அல்ல. இந்த அளவு நீளம் போதும்:

"அன்புள்ள பேராசிரியர், நான் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சிரேஷ்ட விரிவுரையாளர். மணற்பாங்கான நிலத்தில் நீர்க்கசிவு பற்றிய உங்கள் கட்டுரையில் எல்லை நிபந்தனையை நீங்கள் அமைத்த விதத்தை எங்கள் குளங்களுக்குப் பொருத்திப் பார்க்க முயல்கிறேன். கடினப் பாறை குறுக்கிடும் இடத்தில் அது உடைகிறது. நாற்பது கிணறுகளின் மூன்று வருட அளவீடு என்னிடம் உண்டு. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் ஐந்து மாதம் வந்து உங்களோடு இதைச் செய்ய விண்ணப்பிக்க நினைக்கிறேன். சம்பளமும் பயணச் செலவும் உங்களிடம் கேட்கவில்லை. ஒரு பக்கச் சுருக்கத்தை இணைத்திருக்கிறேன். இருபது நிமிடம் கதைக்க முடியுமா?"

பணம் கேட்கவில்லை என்ற வசனத்தை விடாதீர்கள். பதில் வராமல் போவதற்குப் பெரிய காரணம், இன்னொருவர் வேலை கேட்டு எழுதியிருக்கிறார் என்று நினைத்து மூடிவிடுவதுதான். இரண்டு கிழமையில் பதில் இல்லையென்றால் ஒரே ஒரு நினைவூட்டல். பிறகு அடுத்த ஆளுக்குப் போங்கள். ஒரே திணைக்களத்தில் மூன்று பேருக்கு ஒரே நாளில் எழுதக் கூடாது. அவர்கள் ஒரே மேசையில் தேநீர் குடிப்பவர்கள்.

சம்மதித்தவரிடம் கடிதத்தில் என்னென்ன வர வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள்: தொடங்கும் மாதம், முடியும் மாதம், செய்யப்போகும் வேலை, தரப்படும் மேசை, நூலக, ஆய்வுகூட வசதி, கற்பித்தல் இருந்தால் எந்தப் பாடத்தில் எத்தனை வகுப்பு. "வருகையை வரவேற்கிறோம்" என்ற மூன்று வரிக் கடிதத்தால் பலனில்லை.

கூடவே கூச்சப்படாமல் ஒன்றைக் கேளுங்கள்: வருகைதரு ஆய்வாளரிடம் உங்கள் பல்கலைக்கழகம் பெஞ்ச் ஃபீ (இடத்துக்கும் ஆய்வுகூட வசதிக்குமான கட்டணம்) அறவிடுமா? சில இடங்களில் உண்டு. அந்தக் காசை உதவித்தொகை கொடுக்காவிட்டால் உங்கள் பையிலிருந்துதான் போகும்.

6. ஆய்வுத் திட்டம் எழுதும் ஒழுங்கு

ஃபுல்பிரைட்டில் வழமையாகக் கேட்பது: 3 முதல் 5 பக்கத் திட்ட அறிக்கை, 1 முதல் 3 பக்க உசாத்துணைப் பட்டியல், 6 பக்கத்துக்கு மேற்படாத தன்விபரக் கோவை, கற்பிப்பதாயின் 10 பக்கத்துக்குள் பாடத்திட்டம். அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் உள்ளதே முடிவு. பக்க எல்லையைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டிவிட்டுப் படிப்பார்கள் என்று நினையுங்கள்.

நான் சொல்லும் ஒழுங்கு மேலிருந்து கீழ் அல்ல. முதலில் மாதக் கணக்கை எழுதுங்கள். முதல் மாதம் தரவைச் சுத்தம் செய்தல், இரண்டாம் மூன்றாம் மாதம் மாதிரி அமைத்தல், நான்காவது மாதம் சரிபார்த்தல், ஐந்தாவது மாதம் கட்டுரை வரைவும் அங்கே ஒரு கருத்தரங்கும். இதை எழுதும்போதே ஐந்து மாதத்துக்குள் முடியாது என்று தெரியவரும். அப்போது கேள்வியைச் சுருக்குங்கள். அதன் பிறகுதான் முறையியல், பின் பின்னணி, கடைசியாகத் தொடக்கப் பந்தி. தொடக்கப் பந்தியிலிருந்து எழுதுபவர்கள் மூன்று பக்கப் பின்னணியில் மூச்சு முட்டி நிற்கிறார்கள்.

படிப்பவர்களில் பாதிப் பேர் உங்கள் துறைக்காரர் அல்ல. நீரியல் திட்டத்தை ஒரு வரலாற்றுப் பேராசிரியரும் படிப்பார். அடுத்த பீடத்திலுள்ள நண்பரிடம் கொடுத்து, "என்ன செய்யப் போறன் எண்டு மூண்டு வசனத்தில சொல்லு" என்று கேளுங்கள். அவர் சொல்வது நீங்கள் நினைத்தது இல்லையென்றால் அவர்மீது குற்றமில்லை.

இங்கிருந்து எதையாவது கொண்டுபோவதாக இருந்தால் அதற்கும் திட்டத்தில் இடம் வேண்டும். மண் மாதிரியை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக அந்நாட்டு விவசாயத் திணைக்களத்தின் அனுமதி தேவை. போத்தலில் அடைத்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு இறங்க முடியாது. வன ஒதுக்கிலோ சரணாலயத்திலோ எடுத்த மாதிரிக்கு இங்கும் அனுமதி வேண்டும். மனிதரிடம் தகவலோ இரத்தமோ எடுத்திருந்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கத்தைத் திட்டத்திலேயே போடுங்கள். முடிந்தால் மாதிரியை இங்கேயே பகுப்பாய்ந்து, இலக்கங்களை மட்டும் கொண்டுபோங்கள். அதற்கு எந்தச் சுங்கமும் கேள்வி கேட்காது.

கடைசிப் பந்தியில் திரும்பி வந்தபின் என்ன நடக்கும் என்று எழுத வேண்டும். "நாட்டின் அபிவிருத்திக்குப் பங்களிப்பேன்" என்று எழுதினால் யாரும் நம்புவதில்லை. "மூன்றாம் வருட மாணவருக்கான செய்முறைப் பாடத்தில் இந்த மாதிரியைச் சேர்ப்பேன், கமக்கார அமைப்புக் கூட்டத்தில் முடிவைத் தமிழில் வைப்பேன்" என்றால் நம்புவார்கள்.

கற்பிக்கவும் போவதாக இருந்தால்

நம்மவர்கள் இங்கே கற்பிக்கும் பாடத்தையே ஆங்கிலத்தில் வைத்துவிடுகிறார்கள். அடிப்படை நீரியலைக் கற்பிக்க அங்கே ஆளில்லையா? உங்களால் மட்டும் கற்பிக்கக்கூடியதை வையுங்கள்.

குளத்து நீரைப் பங்கிடும் முறையை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுக்கரைக்குளத்துக்குக் கீழும் வவுனிக்குளத்துக்குக் கீழும் போகத்துக்கு முன் கூட்டம் வைத்து எத்தனை ஏக்கர் விதைப்பது என்று முடிவெடுப்பதும், தண்ணீர் குறைந்த சிறுபோகத்தில் ஒரு பகுதியை மட்டும் விதைத்து அதைப் பங்குபோடுவதும், முன்பு வட்டவிதானையார் பார்த்த வேலையை இன்று கமக்கார அமைப்பு பார்ப்பதும் பொதுவள முகாமைத்துவம் படிக்கும் மாணவருக்கு ஒரு முழு அரையாண்டுப் பாடம். வாரவாரியாகத் தலைப்பு, வாசிப்பு, பயிற்சி, மதிப்பீடு என்று எழுதுங்கள். தமிழில் மட்டும் இருக்கும் ஆவணத்தை வாசிப்பில் போட்டால், அதன் சுருக்கத்தை ஆங்கிலத்தில் நீங்களே தர வேண்டும்.

7. சிபாரிசுக் கடிதம் மூன்று

துணைவேந்தரிடம் வாங்கினால் எடுபடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உங்களை விழாவில் மட்டும் கண்டவர் என்ன எழுத முடியும்? "இவர் கடின உழைப்பாளி, நற்பண்புள்ளவர்" என்று எழுதுவார். உங்கள் வேலையைப் படித்தவர் ஒருவர், உங்களோடு வேலைசெய்தவர் ஒருவர், உங்கள் கற்பித்தலைக் கண்டவர் ஒருவர். இந்த மூவர் போதும். ஒருவராவது இலங்கைக்கு வெளியே இருந்தால் நல்லது. அழைத்த பேராசிரியரையே சிபாரிசுக்கும் போடாதீர்கள்; அவருடைய கடிதம் ஏற்கெனவே இருக்கிறது.

ஆறு கிழமைக்கு முன் கேளுங்கள். கேட்கும்போது திட்டச் சுருக்கம், தன்விபரம், அவருக்குத் தெரிந்த உங்கள் வேலைகளில் குறிப்பிடக்கூடிய இரண்டு மூன்று ஆகியவற்றை ஒரே பக்கத்தில் கொடுங்கள். "நீங்களே எழுதிக்கொண்டு வாங்கோ, கையொப்பம் வைக்கிறன்" என்பவரை விட்டு விலகுங்கள். மூன்று கடிதமும் ஒரே ஆங்கிலத்தில் இருந்தால் தெரிவாளருக்குத் தெரியாமலா போகும்? கடிதம் அவரிடமிருந்து நேரே இணையத்தில் ஏற வேண்டும். இணைப்பு அவருடைய ஸ்பாம் பெட்டியில் கிடக்கக்கூடும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

8. இப்போது படிவம்

படிவத்தில் சின்னச் சின்ன விடைகள் கேட்பார்கள்: திட்டத்தின் சுருக்கம் சில நூறு எழுத்துகளில், ஏன் அந்த நாடு, முன்பு எங்கே தங்கியிருந்தீர்கள். திட்ட அறிக்கையில் மாசியில் தொடங்குவேன் என்று எழுதிவிட்டு, படிவத்தில் சித்திரை என்று போட்டுவிடுவார்கள். லீவுக் கடிதம், அழைப்புக் கடிதம், திட்டம், படிவம் நான்கிலும் திகதி ஒன்றா என்று இன்னொருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். முடிவுத் திகதி எந்த நாட்டு நேரம் என்று கவனியுங்கள். மூன்று நாள் முன்பே அனுப்பிவிடுங்கள், கடைசி நாளன்று மின்சாரம் போகும்.

9. நேர்முகம்

கொழும்பில் என்றால் முதல்நாளே போய்த் தங்குங்கள். ஏ9 வீதியில் இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, அப்படியே குழுவின் முன் போய் உட்கார வேண்டாம். இணையவழி என்றால் கம்பஸ் இணைப்போடு கைத்தொலைபேசி டேட்டாவும் தயாராக இருக்கட்டும்.

எப்படியும் கேட்கப்படும் கேள்விகள் சில. இதை ஏன் ஸூமில் செய்ய முடியாது? லீவு கிடைக்காவிட்டால்? அழைத்த பேராசிரியர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப்போனால்? அங்கே உங்கள் நாட்டைப் பற்றி ஒரு பாடசாலையில் கதைக்கச் சொன்னால் என்ன சொல்வீர்கள்? கடைசிக் கேள்வியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஃபுல்பிரைட் ஆய்வுக்கு மட்டுமல்ல, மக்களுக்கிடையிலான பரிமாற்றத்துக்கும் கொடுக்கப்படும் பணம். ஆய்வகத்தை விட்டு வெளியே வராத ஆளாகத் தெரிந்தால் அது குறைதான்.

ஆங்கிலம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: மனப்பாடம் பண்ணாதீர்கள். நடுவில் ஒரு குறுக்குக் கேள்வி வந்தால் பாடமாக்கியது அத்தனையும் கலைந்துவிடும். ஆறுதலாக, சிறிய வசனங்களில் சொல்லுங்கள். கேள்வி விளங்காவிட்டால் திருப்பிக் கேளுங்கள். அதற்குப் புள்ளி குறைக்க மாட்டார்கள். விளங்காமலே பதில் சொன்னால் குறைப்பார்கள். நேர்முகத்துக்கு முன், வேற்றுத்துறை அண்ணை, அக்கா யாரையாவது இருத்தி, கடுமையாகக் கேட்கச் சொல்லிப் பழகுங்கள். உங்கள் துறைக்காரர் தலையாட்டிக்கொண்டே இருப்பார்.

10. தெரிவான பிறகு

இங்கே தெரிவானாலும் வாஷிங்டனில் உள்ள ஃபுல்பிரைட் சபையின் இறுதி ஒப்புதல் வரும் வரை முடிவல்ல. அதுவரை வீட்டை வாடகைக்குக் கொடுக்காதீர்கள், வாகனத்தை விற்காதீர்கள். ஆனால் லீவுக் கோவையை உடனே நகர்த்துங்கள். துறை, பீடச் சபை, லீவ் அன்ட் அவார்ட்ஸ், பேரவை என்ற நான்கு மேசையில் ஒன்றில் கூட்டம் தள்ளிப்போனாலே ஒரு மாதம் போய்விடும். ஒப்பந்தத்துக்குப் பிணையாளிகள் கேட்பார்கள். கையொப்பம் வைக்கச் சம்மதிப்பவர் யார் என்று இப்போதே கேட்டு வையுங்கள். எங்கள் பக்கம் அது சின்ன விடயமல்ல. முன்பு ஒருவருக்குப் பிணை நின்று மாட்டியவர்கள் எல்லாத் துறையிலும் இருக்கிறார்கள்.

மருத்துவப் பரிசோதனைப் படிவம் வரும். அதன்பின், ஜே-1 விசாவுக்குத் தகுதி என்று காட்டும் டி.எஸ்.2019 என்ற படிவம் வந்த பிறகே டி.எஸ்.160 என்ற இணைய விசா விண்ணப்பத்தை நிரப்பி விசா நேர்முகத்துக்குப் போகலாம். டி.எஸ்.2019 இல் பெயர், பிறந்த திகதி, பிறந்த ஊர் கடவுச்சீட்டோடு ஒத்திருக்கிறதா என்று கையில் கிடைத்த அன்றே பாருங்கள். திருத்த வேண்டுமென்றால் புதிதாகத்தான் எடுக்க வேண்டும். அதில் உள்ள தொடக்கத் திகதிக்கு 30 நாளுக்கு முன்னர் அமெரிக்காவுக்குள் நுழைய முடியாது. முடிந்தபின் புறப்பட 30 நாள் தருவார்கள். அந்த நாட்களில் வேலை செய்ய முடியாது. விமானச்சீட்டு போடும்போது இதை நினைவில் வையுங்கள்.

திட்டம் தரும் மருத்துவக் காப்புறுதி விபத்துக்கும் திடீர் நோய்க்குமானது. பல்லுக்கும் ஏற்கெனவே இருக்கும் நீரிழிவு, இரத்த அழுத்தத்துக்கும் அதை நம்பிப் போகாதீர்கள். பல்லை இங்கேயே பார்த்துவிட்டு, மருந்தை வைத்தியரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொண்டுபோங்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போகிறவர்கள் தடுப்பூசி அட்டையின் ஆங்கிலப் பிரதியை எடுத்து வையுங்கள். அங்கே பாடசாலையில் முதலில் கேட்பது அதைத்தான்.

கிடைக்காவிட்டால், காரணம் சொல்வார்களா என்று ஒரு மரியாதையான மின்னஞ்சலில் கேளுங்கள். சொன்னாலும் சொல்லாவிட்டாலும், அழைத்த பேராசிரியருக்கு அதே கிழமை எழுதி, அடுத்த ஆண்டும் கடிதம் தருவாரா என்று கேளுங்கள். அநேகமாகத் தருவார். திட்டத்தைத் தூசிதட்டி அப்படியே அனுப்பாமல், இடைப்பட்ட ஆண்டில் சேர்ந்த தரவையும் கட்டுரையையும் சேர்த்து அனுப்புங்கள்.

போய் வந்தவர்கள், பழைய டி.எஸ்.2019 படிவங்களை எறிந்துவிடாதீர்கள். கடவுச்சீட்டு காலாவதியானாலும் வருகை முத்திரைப் பக்கங்களைப் பத்திரமாக வைத்திருங்கள். இரண்டு வருடம் இங்கே இருந்தீர்கள் என்று பின்னர் நிரூபிக்க வேண்டி வந்தால், பல்கலைக்கழகம் தரும் சேவைக் கடிதத்தோடு அவற்றையும் கேட்பார்கள்.